திருமூலர் சொன்ன நான்கு காரியங்கள்: தோட்டப்புறத்திலிருந்து தாமானுக்கு வந்த குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

யாவர்க்கும் ஆம் இறைவற்கு ஒரு பச்சிலை
யாவர்க்கும் ஆம் பசுவுக்கு ஒரு வாயுறை
யாவர்க்கும் ஆம் உண்ணும்போது ஒரு கைப்பிடி
யாவர்க்கும் ஆம் பிறர்க்கு இன்னுரை தானே

திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில், 'அறஞ்செய்வான் திறம்' என்ற தலைப்பின் கீழ் வரும் 252-ஆம் பாடல் இது. பன்னிரு திருமுறைகளில் பத்தாவது திருமந்திரம். சாமிக்கு ஓர் இலை, மாட்டுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிடும் முன் பிறருக்கு ஒரு பிடி, மற்றவரிடம் ஓர் இனிய சொல். நாலு வரியும் 'எல்லாராலும் முடியும்' என்றே தொடங்குகின்றன. பணம் வேண்டும், படிப்பு வேண்டும், உடம்பில் வலு வேண்டும் என்று திருமூலர் எந்த நிபந்தனையும் போடவில்லை. நாள்கூலிக்குப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய சனத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நான் இருப்பது மலேசியாவின் பேரா மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில். இங்கே தாமான்களில் (டவுன் குடியிருப்புப் பகுதிகளில்) குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு வேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஒவ்வொன்றாகக் காலியாயின, சனம் டவுனுக்கு வந்தது. லயத்தில் ஒழுக்கத்தைக் காப்பதற்கு ஊரே இருந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பிள்ளையைக் கொஞ்சம் அதட்டிப் பேசினாலே பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் வந்து நின்று 'என்னடா அங்க?' என்பார். ஒரு வீட்டில் சாவு என்றால் மற்ற வீடுகள் அந்த வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தன. தாமானில் கேட்டைப் பூட்டிவிட்டால் உள்ளே என்ன பேசுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. அன்று ஊர் செய்ததை இன்று ஒவ்வொரு வீடும் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நம்மிடம் நீதிநூலுக்குப் பஞ்சம் இல்லை. ஆத்திசூடியை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பள்ளியில் நன்னெறிக் கல்வி ஒரு பாடமாகவே இருக்கிறது. 1970-இல் பிரகடனமான ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டின் ஐந்தாவது கோட்பாடும் நன்னடத்தை, ஒழுக்கம் பற்றியதுதான். ஆனால் ஒரு நேரமும் ஓர் இடமும் குறிக்கப்படாத நல்லது பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த நாலு வரியையும் வீட்டில் நாலு இடத்தில் கட்டிவைக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்: வாசல், கொல்லை, அரிசிப் பானை, வாய்.

தொடங்கும் முன்

நாலையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒன்று பழகிய பிறகே அடுத்தது. இலைக்கும் வாயுறைக்கும் இரண்டிரண்டு வாரம் போதும். கைப்பிடிக்கு ஒரு மாதம் வேண்டும். இன்னுரைக்குக் கால எல்லை கிடையாது.

நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவருமாக இரண்டு பேர் முன்னின்றால் போதும். மற்றவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பார்த்துப் பார்த்து அவர்களே வருவார்கள். பாட்டை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பிள்ளை பார்த்துச் சொல்வதாக இருக்கட்டும், ஒரு வாரத்தில் பாராமலே சொல்லும். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இராகத்தோடே பாடச் சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று. இதை வாட்ஸ்அப் நிலையில் போடாதீர்கள். 'உடையது விளம்பேல்' என்று ஔவை சொன்னது செல்வத்துக்கு மட்டும் இல்லை, செய்கிற நல்லதுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

முதல் படி: ஒரு பச்சிலை

தோட்டத்தில் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, விடியும் முன்பே நடக்கும். அதற்கு முன் எழுந்து, சோறு கட்டி, வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடுகிற அம்மாக்கள், வாசல் படத்துக்கு முன்னால் ஒரு பூவையோ துளசியையோ வைத்துக் கும்பிடாமல் போனதில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் அந்த நாளுக்கு ஒரு தலைவாசல் அது.

செய்முறை இதுதான்.

முதலில் ஒரு செடி. துளசியோ வில்வமோ ஒரு தொட்டியில் வையுங்கள். தாமான் வீட்டில் மண்ணே இல்லை என்றால் அருகம்புல் போதும், கால்வாய் ஓரத்தில் பிடுங்காமல் தொட்டியில் வளர்த்த புல்லாக இருக்கட்டும். கடையில் வாங்கிய மாலை இந்தப் படிக்கு உதவாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றி, அது தழைக்கிறதா வாடுகிறதா என்று பார்ப்பதிலேயே பாதிப் பயன் இருக்கிறது.

அடுத்து நேரம். பல் துலக்கி முகம் கழுவியதும், கைத்தொலைபேசியைத் தொடும் முன். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எழுந்ததும் திரையைத் தொட்டால் ஊர்ச் சண்டை, விலைவாசி, யாரோ ஒருவருடைய கல்யாணப் படம் எல்லாம் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு இலையை வைத்தாலும் கைதான் வைக்கும்.

பிறகு இலை. ஒன்றே ஒன்று. கிள்ளி, நீரில் அலசி, படத்தின் முன் வைத்துக் கண்ணை மூடி நில்லுங்கள். மந்திரம் தெரிந்தால் சொல்லலாம். தெரியாதவர்கள், இன்று யாரைப் பார்க்கப் போகிறோமோ அவர்களில் ஒருவரை நினைத்து 'நல்லா இருக்கட்டும்' என்று சொன்னால் போதும். கீதையில் கண்ணன் கேட்பதும் இலை, பூ, பழம், நீர் என்ற நாலில் ஒன்றைத்தான் (9.26).

கோவில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அப்பர் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் தம் நெஞ்சுக்குச் சொல்கிறார்:

நிலைபெறுமாறு எண்ணுதியேல் நெஞ்சே நீ வா
நித்தலும் எம்பிரானுடைய கோயில் புக்குப்
புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டுப்
பூமாலை புனைந்தேத்திப் புகழ்ந்து பாடி

அலகு என்றால் துடைப்பம். பாடுவதும் மாலை கட்டுவதும் பின்னால் வருகின்றன, முதலில் கூட்டுகிறார். உழவாரப் படையோடு கோவில் கோவிலாகப் புல் செதுக்கியவர் அவர். சனம் காலிசெய்துபோன தோட்டங்களில் இன்னும் கோவில்கள் நிற்கின்றன. திருவிழாவுக்கு மட்டும் பேருந்து பிடித்துப் போகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து போய்ப் பிரகாரத்தைக் கூட்டி, புல் வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வந்தால் அது பல பச்சிலைக்குச் சமம். போகும் முன் கோவில் நிர்வாகத்திடமும், தோட்டத்துக்குள் நுழைய அலுவலகத்திடமும் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

இரண்டாம் படி: ஒரு வாயுறை

இது சுருக்கமான படி. முன்பு லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்தது. இப்போது நம்மில் மாடு வளர்ப்பவர்கள் குறைவு. தெரிந்தவர் மாடு வைத்திருந்தால் வாரம் ஒரு முறை ஒரு கட்டு அகத்திக்கீரையோ புல்லோ கொண்டுபோய்க் கொடுங்கள். சோற்றையும் பொங்கலையும் வாளி வாளியாகக் கொட்டாதீர்கள். மாவுப்பொருள் ஒரேயடியாக உள்ளே போனால் மாட்டின் வயிற்றில் புளிப்பு ஏறி, உப்பி, உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுப் பொங்கலன்று அன்பினாலேயே மாட்டை நோகடிக்கிற வீடுகள் உண்டு. பிளாஸ்டிக் பையோடு எதையும் வீசக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள்.

மாடு இல்லாதவர்கள் கொல்லையில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வையுங்கள். நம் வெயிலுக்குக் குருவியும் மைனாவும் தேடி வரும். தினமும் கவிழ்த்துக் கழுவி ஊற்ற வேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டெங்கி வந்தால் அறமும் இல்லை, ஒன்றும் இல்லை. கோலத்தைப் பச்சரிசி மாவில் போட்டால் எறும்புக்கும் ஆயிற்று. இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். பேச முடியாத உயிர் ஒன்று தன்னை நம்பியிருக்கிறது என்று ஏழு வயதில் தெரிந்துகொள்கிற பிள்ளை வேறு மாதிரி வளரும்.

மூன்றாம் படி: உண்ணும்போது ஒரு கைப்பிடி

இதற்கு வேண்டியது ஒரு மைலோ டின். கழுவிக் காயவைத்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். உலைக்கு அரிசி அளந்ததும், அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்து டின்னில் போடுங்கள். பானையிலிருந்து தனியாக எடுக்கக் கூடாது. நமக்கென்று அளந்ததில் இருந்து குறைத்தால்தான் அது 'உண்ணும்போது' கொடுத்ததாகும். நம் பாட்டிமார் பிடி அரிசி என்று சொன்ன வழக்கம் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் கையில் ஒரு பிடி ஏறக்குறைய ஐம்பது கிராம் வரும். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. ஒரே வரிசையில் இருபது வீடு சேர்ந்தால் முப்பது கிலோ, அதாவது பத்துக் கிலோ மூட்டை மூன்று. எந்த வீட்டிலும் சோறு குறைந்ததாகத் தெரியாது. வண்டு வராமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாயை டின்னில் போட்டுவையுங்கள், மாதம் தவறாமல் காலி செய்யுங்கள். வெவ்வேறு அரிசி கலந்துவிடும் என்பதால், சேர்ந்து செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே இரகம் வாங்குவது என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சிறுகச் சேர்ப்பதன் பலம் நம் ஊருக்குப் புதிது இல்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வேலையும் வீடும் போய் நின்ற தொழிலாளரைப் பார்த்து, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். பால்மரம் வெட்டியவர்கள் சம்பளத்திலிருந்து சிறு தவணைகளாகக் கட்டிய பணம் சேர்ந்துதான் தோட்டங்களையே வாங்கியது. இங்குள்ள மகாத்மா காந்தி கலாசாலை 1954-இல் எழுந்ததிலும் அவருடைய முயற்சி பெரிது. ஒப்புரவு என்று வள்ளுவர் 22-ஆம் அதிகாரத்தில் சொன்னதை நம் சனம் கையால் செய்து காட்டியது. 'ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு' (215) என்ற குறளை நம் பிள்ளைகளுக்கு விளக்கும்போது இந்தச் சங்கத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி டின் நிறைந்த பிறகு யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது. இந்தப் படியின் கடினமே இங்கேதான்.

'வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து' என்பது 221-ஆம் குறள். இல்லாதவருக்குக் கொடுப்பதுதான் ஈகை. மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று குறித்து வைத்துக் கொடுக்கிற கைம்மாற்று. கல்யாணத்துக்கு எழுதும் மொய்யும், தீபாவளிக்குத் தட்டு மாற்றிக்கொள்ளும் பலகாரமும் உறவுக்கு வேண்டியவைதான். அவற்றை அறக்கணக்கில் சேர்க்காதீர்கள். டின் அரிசி திருப்பித் தர முடியாதவருக்குப் போகட்டும். பிள்ளைகள் வந்து பார்க்காத பாட்டி, விபத்தில் கால் போய் வேலைக்குப் போகாதவர், தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அம்மா. ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது இருப்பார். கண்ணுக்குப் படவில்லை என்றால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கேளுங்கள், எந்தப் பிள்ளை ஓய்வுநேரத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கொடுக்கும் விதத்துக்கு 223-ஆம் குறளைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'இலனென்னும் எவ்வம் உரையாமை ஈதல் குலனுடையான் கண்ணே உள.' 'என்னிடம் இல்லை' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும் துன்பத்துக்கு ஆளாகும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்வார்கள். இதை நடைமுறையில் எப்படிச் செய்வது? இருட்டிய பிறகு போங்கள், அல்லது பிள்ளை மூலம் கொடுத்தனுப்புங்கள். 'உங்களுக்குக் கஷ்டம்னு கேள்விப்பட்டோம்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'பாட்டி, அம்மா குடுக்கச் சொன்னாங்க' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அரிசியோடு கொஞ்சம் பருப்பு, ஒரு தேங்காய், நாலு காய்ந்த மிளகாய் வைத்தால் அது ஒரு வேளைச் சமையலாகிறது, வெறும் தர்மமாகத் தெரியாது. படம் எடுக்கக் கூடாது, கூடவே கூடாது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மா கேமராவைப் பார்த்து நிற்கிற படங்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவருக்கும் இந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், மானம் இருக்கிறது.

மலாய், சீன அக்கம்பக்கத்தார் கஷ்டத்தில் இருந்தால் அவர்களையும் விட்டுவிடாதீர்கள். 'ஆர்க்கும் இடுமின் அவரிவர் என்னன்மின்' என்று இதே திருமூலர் சொல்லியிருக்கிறார். முஸ்லிம் வீட்டுக்குச் சமைத்ததைக் கொடுப்பதைவிட அரிசி, பழம், ஹலால் முத்திரை உள்ள பொட்டலம் கொடுப்பது அவர்களுக்குச் சங்கடம் இல்லாதது. அவர்கள் நோன்புப் பெருநாளுக்குத் தட்டு நிறைய அனுப்பும்போது அதை முகமலர்ச்சியோடு வாங்குவதும் இந்தப் படியில் சேர்ந்ததுதான்.

கோவிலுக்கே கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கொடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 1857-ஆம் மந்திரத்தில் திருமூலரே தெளிவாகச் சொல்லிவிட்டார்: படம் எழுதிய மாடக் கோவிலில் இருக்கும் பகவனுக்கு ஒன்று கொடுத்தால் அது நடமாடும் கோவிலாகிய அடியாருக்குப் போய்ச் சேராது. நடமாடும் கோவிலுக்குக் கொடுத்தால் அது பகவனுக்கே போய்ச் சேரும். 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலைக்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவது இந்த வழியில்தான்.

நான்காம் படி: இன்னுரை

செலவே இல்லாத காரியம் இது, ஆனால் நாலிலும் கடினமானது. இலை வைக்க ஒரு நிமிடம், பிடி அரிசிக்கு அரை நிமிடம். வாய்க்கு நாள் முழுக்கக் காவல் வேண்டும். ஆத்திசூடியில் 109 வரிகள் இருக்கின்றன. அதில் பேச்சைப் பற்றியே ஔவை திரும்பத் திரும்பச் சொல்கிறார்: ஞயம்பட உரை, வெட்டெனப் பேசேல், சுளிக்கச் சொல்லேல், மிகைபடச் சொல்லேல், பழிப்பன பகரேல், வஞ்சகம் பேசேல், ஔவியம் பேசேல். கடைசி வரியே 'ஓரம் சொல்லேல்' என்று முடிகிறது. அவ்வளவு தூரம் அவர் இதற்கு அழுத்தம் கொடுத்திருக்கிறார்.

இதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துப் பழகுங்கள்.

*காலை முதல் சொல்.* பிள்ளையை எழுப்பும் சொல் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். 'எந்திரி, பஸ் போயிரும், எத்தன தடவ கத்தறது' என்று விடியும் வீட்டில் அந்தச் சுருதி இரவுவரை இறங்காது. பெயரைச் சொல்லி, தோளைத் தொட்டு எழுப்புங்கள். முதல் ஒரு வாரம் இது ஒன்றுதான் வேலை, வேறு எதையும் திருத்தப் போகாதீர்கள்.

*நமக்குக் கீழே இருப்பவரிடம்.* 301-ஆம் குறள் இது: 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்.' நம் கோபம் பலிக்கிற இடத்தில் அதை அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்கினவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? மேனேஜரிடம் நாம் எல்லாரும் பொறுமைசாலிகள்தான். நம் கோபம் பலிக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பிள்ளை, ஒட்டுக்கடையில் தட்டு எடுக்கும் பையன், செம்பனைக் காட்டில் குலை வெட்டும் வங்காளதேசத்துக்காரர். அந்தக் கடைசி ஆள் இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் நம் தாத்தா நின்றார், கங்காணியின் (வேலை வாங்கும் மேற்பார்வையாளரின்) ஏச்சை வாங்கினார். அவரிடம் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'ஓய்' என்று கூப்பிடுவதை இன்றோடு விடுங்கள்.

*இல்லாதவரைப் பற்றி.* வாட்ஸ்அப் குரல்பதிவு வந்த பிறகு புறங்கூறுதலுக்குக் கால் முளைத்துவிட்டது. ஒருவரிடம் சொன்னது அதே குரலில் ஊர் முழுக்கப் போகிறது. 'கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்' (184). நேருக்கு நேர் நின்று தயவில்லாமல்கூடச் சொல்லிவிடலாம், ஆள் இல்லாத இடத்தில் பின்விளைவு பாராமல் பேசக் கூடாது என்கிறார் வள்ளுவர். எங்கள் வீட்டில் வைத்திருக்கும் வழி: ஒருவரைப் பற்றிக் குரல்பதிவு அனுப்பும் முன், அந்த ஆளே கேட்டால் பரவாயில்லையா என்று ஒரு தடவை போட்டுக் கேட்பது. பாதிப் பதிவுகள் அங்கேயே அழிந்துவிடும். கோவில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கல்யாணப் பேச்சு, இந்த மூன்றைப் பற்றிய பேச்சில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றிப் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல் அவள் வாழ்க்கையை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடும்.

*குடித்தவரிடம்.* இதை எழுதாமல் போனால் தோட்டப்புறத்தைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. ஒரு காலத்தில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடு என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்து குடும்பங்களை இன்னும் மோசமாகத் தின்றது. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வீட்டுக்காரர்களுக்குப் பயன்படும் இரண்டு குறள்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 929: போதையில் இருப்பவனுக்குக் காரணம் சொல்லித் திருத்தப் பார்ப்பது, தண்ணீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போன்றது. ஆகவே இரவில் வாதம் செய்யாதீர்கள். சோற்றை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உள்ளே போய்விடுங்கள். 930: தான் குடிக்காத வேளையில் குடித்த இன்னொருவனைப் பார்க்கும்போது, தன் நிலையும் இப்படித்தானே என்று ஒருவன் நினைத்துப் பார்க்க மாட்டானா? பேச வேண்டிய வேளை அது, தெளிந்த காலை. குரலை உயர்த்தாமல், ஊரார் முன்னால் இல்லாமல், நேற்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். 'நேத்து ராத்திரி சின்னவன் பயந்து கட்டிலுக்கு அடியில போயிட்டான்' என்ற ஒரு வரி, ஒரு மணி நேர ஏச்சைவிட ஆழமாகப் போகும்.

ஆனால் கை ஓங்குகிற வீட்டுக்கு இந்தப் படி கிடையாது. 'குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை' என்ற கொன்றை வேந்தன் வரியைச் சொல்லி, அடிவாங்கும் பெண்ணை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஔவை அதற்காக அதைச் சொல்லவில்லை. இந்த நாட்டில் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண் இரவு பகல் எடுக்கப்படுகிறது. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் அந்த எண்ணை அழைப்பதும், அந்தப் பெண்ணிடம் 'நாங்க இருக்கோம்' என்று சொல்வதும்தான் அன்றைக்கு நாம் பேச வேண்டிய இன்னுரை.

*கசப்பானதைச் சொல்ல வேண்டிய இடத்தில்.* இனிமையாகப் பேசுவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. கடன் திருப்பித் தராத மச்சானிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். தனியாக, ஒரு தடவை, தொகையையும் தேதியையும் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பழைய கதை வேண்டாம், அவர் பெண்டாட்டியை இழுக்க வேண்டாம். 'இனிய உளவாக இன்னாத கூறல் கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று' (100) என்ற குறளைக் கேட்கும் முன் ஒரு தடவை மனசில் சொல்லிக்கொண்டால் குரல் தானாக இறங்கும்.

*மூத்தவரிடம்.* மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில் என்று ஆகிவிட்ட ஊர் இது. பணம் மாதாமாதம் வந்துவிடுகிறது. 'சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா' என்ற இரண்டு கேள்வியோடு அழைப்பும் முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக ஒன்று கேளுங்கள், அவர்கள் விவரம் தெரிந்து சொல்லக்கூடிய ஒன்று. எந்த நிரையில் எத்தனை மரம், ஒட்டுப்பாலை யார் சேர்த்தது, தீமிதிக்கு விறகு எங்கிருந்து வந்தது. பதில் நீளும். நீளட்டும், இடையில் வைக்காதீர்கள்.

தடைகள் வரும்போது

ஷிப்ட் வேலைக்காரர்கள் காலை என்பதை 'தூங்கி எழுந்ததும்' என்று வைத்துக்கொள்ளலாம். மதியம் மூன்று மணிக்கு எழுந்தாலும் இலை இலைதான்.

தீட்டு நாள்களில் பச்சிலையை வீட்டில் வேறொருவர் வைக்கட்டும். மற்ற மூன்றுக்கும் தீட்டு கிடையாது. சாவு விழுந்த வீட்டிலும் குருவிக்குத் தண்ணீர் ஊற்றலாம், அரிசி எடுத்து வைக்கலாம், இன்னுரைக்கு அப்போதுதான் தேவை அதிகம்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு பிடியாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். அபராதம் போல ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு வெறுப்பு வரும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பங்களும், கலப்புக் குடும்பங்களும் முதல் படியைத் தங்கள் ஜெபத்தோடு வைத்துக்கொள்ளலாம். பாட்டு 'யாவர்க்கும்' என்றுதான் சொல்கிறது.

வீட்டில் ஒருவர் கிண்டல் செய்தால் வாதாட வேண்டாம். அவர் சமைக்கும் நாளில் டின்னை மட்டும் அடுப்பங்கரையில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

வீடு மாறிப் போகிறவர்கள் டின்னில் இருக்கும் அரிசியைக் கிளம்பும் முன் கொடுத்து முடித்துவிட்டு, புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றே முதல் பிடியைப் போடுங்கள். துளசித் தொட்டியை லோரியில் கடைசியாக ஏற்றினால் உடையாமல் வந்து சேரும்.